உடுப்பும் ஊர்வாயும்

எமது சமூகத்தில் வாய்விட்டுப் பேசப்படாத விடயங்களில் ஒன்று, ஆண் ஒருவர் பெண்ணின் உடையை அணிய விரும்புவது. பெண்கள் காற்சட்டை போட்டால் இன்று எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆண் சேலை உடுத்தால் மட்டும் குடும்ப மானமே போய்விட்டதாக எண்ணுகிறோம். இத்தனைக்கும் ஊர்க் கூத்துகளில் ஆண்கள் பெண் வேடம் கட்டி ஆடியதை விடிய விடிய இருந்து ரசித்தவர்கள் நாம்.

இது நோயா?

இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய நோய்ப் பட்டியலில் இது மனநலக் கோளாறுகளுடன் சேர்க்கப்பட்டிருந்தது. சுவீடன் 2009இலும் நோர்வே 2010இலும் தமது பட்டியல்களிலிருந்து இதை நீக்கின. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது பதிப்பிலும் இது இல்லை. நோயல்லாததற்கு மருந்தும் இல்லை.

ஒருவர் எதை உடுக்க விரும்புகிறார், தன்னை ஆணாகவா பெண்ணாகவா உணர்கிறார், யார்மீது ஈர்ப்புக் கொள்கிறார் என்பவை மூன்று வேறு விடயங்கள். உடையை வைத்து மற்ற இரண்டையும் சொல்ல முடியாது. இவ்வாறு உடுப்பவர்களில் மனைவி, பிள்ளைகளோடு வாழ்பவர்களும் உண்டு.

அப்படியானால் பாதிப்பு எங்கிருந்து வருகிறது?

பயத்திலிருந்து. "நாலு சனம் என்ன சொல்லும்?" என்ற கேள்வி மனதைத் தின்கிறது. ஒளித்து வாங்கிய உடுப்பைக் குற்ற உணர்வில் குப்பையில் போடுவார்கள். சில மாதங்களில் மீண்டும் வாங்குவார்கள். மருத்துவர்களாகிய எம்மிடம் நித்திரையின்மை, நெஞ்சுப் படபடப்பு, தலையிடி, அளவுமீறிய குடி என்றுதான் இது வந்து சேரும். உண்மைக் காரணம் வெளியே வராவிட்டால் மாத்திரை மட்டும் கூடிக்கொண்டு போகும்.

என்ன செய்யலாம்?

தன்னை ஏற்றுக்கொள்வது என்றால் மண்டபத்தில் ஒலிவாங்கி பிடித்து அறிவிப்பது அல்ல. "என்னில் குறை இல்லை" என்று முதலில் தனக்குத் தானே சொல்வது. யாரிடம், எப்போது சொல்வது என்பது அவரவர் முடிவு. எல்லோருடைய அபிப்பிராயத்துக்கும் ஒரே நிறை இல்லை. எம்மோடு வாழ்பவர்களின் சொல் வேறு, கலியாண வீட்டில் கதைத்துவிட்டுப் போகிறவர்களின் சொல் வேறு.

மனைவிக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம். அவருடைய கோபத்துக்கும் கேள்விகளுக்கும் நேரம் கொடுக்க வேண்டும். இருவருமாக ஆலோசகரைச் சந்திப்பது உதவும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: அடித்தோ மிரட்டியோ நேர்த்தி வைத்தோ இதை மாற்ற முடியாது. கனடாவில் 2022 ஜனவரி 7 முதல், ஒருவரின் பாலின வெளிப்பாட்டை மாற்றுவதற்கான 'சிகிச்சை'க்கு அவரை உட்படுத்துவது குற்றம். அதற்காக 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வதும் குற்றமே.

குடும்ப வைத்தியர் தமிழராக இருந்தாலும் உங்கள் கதையை வெளியே சொல்லக்கூடாது. உயிராபத்து போன்ற, சட்டம் கூறும் சில சந்தர்ப்பங்கள் மட்டுமே விதிவிலக்கு. மொழிபெயர்ப்புத் தேவையென்றால் உறவினரைத் தவிர்த்து, தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். கனடாவில் 988 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

நாலு சனத்தின் பேச்சு நாலு நாளில் அடங்கிவிடும். இழந்த பிள்ளையையோ கணவனையோ நாம் திரும்பப் பெற முடியாது.