சிலுவை தைத்த சட்டைகள்



போன வாரம் வரலாறு பீரியடில் டீச்சர் சிலுவைப் போர் பாடம் நடத்தினாங்க. ஜெருசலேமில் நடந்த கொலைகளைப் பற்றிச் சொன்னதும், சில பேர் திரும்பி என் தோழியைப் பார்த்தாங்க. அவள் பழவேற்காட்டுப் பெண், சர்ச்சுக்குப் போகிறவள். தலையைக் குனிஞ்சுக்கிட்டா. பெல் அடிச்சதும், "நான் என்னடி பண்ணேன்?" என்று கேட்டாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் போனார்கள்?

1095-ல் பிரான்சில் கிளெர்மான் என்ற ஊரில் போப் இரண்டாம் அர்பன் பேசினார். இயேசுவின் கல்லறை இருக்கும் ஜெருசலேம் அப்போது முஸ்லிம் அரசர்கள் கையில் இருந்தது. பக்தியோடு அதை மீட்கப் போகிறவர்கள் தங்கள் பாவத்துக்கு வேறு பரிகாரம் செய்ய வேண்டாம், இந்தப் பயணமே போதும் என்றார். சண்டை போட்டே பிழைத்த வீரர்களுக்கு நரக பயம் நிஜமாகவே இருந்தது. நாம் வேண்டிக்கிட்டு நடைப்பயணம் போகிற மாதிரி அவர்கள் இதை நினைத்தார்கள். சட்டையில் துணிச் சிலுவை தைத்துக்கொண்டார்கள். நாடு பிடிக்கும் ஆசையில் போனவர்களும் உண்டு. ஆனால் செலவுக்காகச் சொந்த நிலத்தை அடகு வைத்துவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள்.

1099-ல் ஜெருசலேமைப் பிடித்தார்கள். முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்றார்கள். பிறகு கல்லறைக் கோவிலுக்குப் போய் ஜெபம் பண்ணினார்கள்! செய்தது பாவம் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்குப் பயம் வந்தது இந்த இடத்தில்தான். 1204-ல் இன்னொரு சிலுவைப் படை கான்ஸ்டான்டிநோபிளைக் கொள்ளையடித்தது. அது கிறிஸ்தவர்களின் நகரம்!

நம்ம பக்கம்

1291-ல் சிலுவைப் படையின் கடைசிப் பெரிய கோட்டை நகரமான அக்கோ (Acre) விழுந்தது. ஆனாலும் அந்த எண்ணம் போர்ச்சுக்கலில் சாகவில்லை. 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்த வாஸ்கோடகாமா மிளகை மட்டும் தேடி வரவில்லை. கிழக்கே ஒரு கிறிஸ்தவ ராஜா இருக்கிறார், அவரோடு சேர்ந்து முஸ்லிம்களை எதிர்க்கலாம் என்று போர்ச்சுக்கீசியர் நம்பினார்கள். 1502-ல் மெக்காவிலிருந்து திரும்பிய யாத்ரீகர்களின் கப்பலை, பெண்களும் குழந்தைகளும் உள்ளே இருக்கும்போதே காமா எரித்தார்.

அந்தப் போர்ச்சுக்கீசியர் நம்ம பழவேற்காட்டுக்கும் வந்தார்கள். 1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். எல்லாரும் போய்விட்டார்கள். இன்று அங்கே மாதா கோவிலும் இருக்கு, பள்ளிவாசலும் இருக்கு, பெருமாள் கோவிலும் இருக்கு. என் தோழியின் அப்பா சாமி கும்பிட்டுவிட்டு ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறார். யாரையும் கொல்லப் போகவில்லை.

தோழிகளே, 900 வருஷத்துக்கு முன்னால் செத்தவர்களின் கணக்கை நம்ம பெஞ்சில் இருக்கிறவளிடம் கேட்கலாமா? "கொன்றால் புண்ணியம்" என்று எந்த மதத்தின் பேரால் யார் சொன்னாலும், அந்தப் பேச்சைத்தான் நாம் திரும்பிப் பார்க்கணும்.

பக்கத்தில் ஒட்டியிருக்கும் வரைபடத்தை வரைந்தது அவள்தான். பார்த்துவிட்டுப் போங்க!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி