குடும்பம் முழுவதும் ஒரே அழைப்பில்: ஃபோனில் கூடிப் பேசுவது எப்படி?

 

நம் ஆரப்பாளையம் பகுதியில் பெற்றோர் இங்கேயும் பிள்ளைகள் திசைக்கு ஒருவராகவும் இருக்கும் வீடுகள் பல. ஒரு மகன் ரியாத்தில், இன்னொருவர் துபாயில், இளையவர் கோலாலம்பூரில். மகள் தேனியிலோ திண்டுக்கல்லிலோ வாழ்க்கைப்பட்டிருப்பார். சபரில் இருப்பவர்கள் தம் குரலைக் கேசட்டில் பதிந்து, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்பிய காலம் ஒன்று இருந்தது. பிறகு எஸ்.டி.டி. பூத் வாசலில் மீட்டரைப் பார்த்தபடி பேசினோம். இன்று ஃபோன் எல்லோர் கையிலும் இருக்கிறது. ஆனாலும் குடும்பப் பேச்சு பெரும்பாலும் இருவருக்கிடையில்தான் நடக்கிறது.

இதனால் என்ன ஆகிறது? அத்தாவுக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். அம்மா மூத்த மகனிடம் பேசுகிறார். அவர் தம்பியிடம் சொல்கிறார். தம்பி அக்காவிடம் சொல்கிறார். நான்காவது ஆளைச் சேரும்போது செய்தி வேறாகிவிடுகிறது. “என்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டார்கள்” என்ற மனத்தாங்கல் அங்கேதான் தொடங்குகிறது. காரியங்களைக் கலந்து பேசி முடிவு செய்வதை முஃமின்களின் பண்பாக அல்லாஹ் குர்ஆனில் குறிப்பிடுகிறான். அந்த 42-வது அத்தியாயத்தின் பெயரே அஷ்ஷூரா, கலந்தாலோசனை. அந்த மஷூராவை ஃபோனில் நடத்துவது எப்படி என்பதை இங்கே எளிமையாகச் சொல்கிறோம்.

சாதாரண அழைப்பில் இணைப்பது

இதற்கு இன்டர்நெட் தேவையில்லை. நீங்கள் அழைக்கும் ஆளிடம் பட்டன் ஃபோன் இருந்தாலும் போதும்.

1. முதல் ஆளுக்கு ஃபோன் போட்டு, “இன்னும் இரண்டு பேரைச் சேர்க்கிறேன், வைத்துவிடாதீர்கள்” என்று சொல்லுங்கள்.

2. திரையில் கூட்டல் குறியோடு ‘ஆட் கால்’ என்று இருக்கும். அதைத் தொட்டு இரண்டாவது ஆளை அழையுங்கள். அதுவரை முதல் ஆள் ஹோல்டில் இருப்பார்.

3. இரண்டாவது ஆள் எடுத்ததும் ‘மெர்ஜ்’ என்பதைத் தொடுங்கள். மூவரும் ஒரே பேச்சில் வந்துவிடுவீர்கள்.

4. அடுத்தவருக்கும் இதே முறைதான். பொதுவாக உங்களைத் தவிர ஐந்து பேர் வரை சேர்க்கலாம். சில ஃபோன்களில் இந்த எண்ணிக்கை குறையலாம்.

‘மெர்ஜ்’ வரவில்லை என்றால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, ஃபோன் செட்டிங்கில் ‘கால் வெயிட்டிங்’ ஆன் ஆகியிருக்க வேண்டும். இரண்டு, இரண்டு சிம் உள்ள ஃபோனில் எல்லா அழைப்பையும் ஒரே சிம்மில் போட வேண்டும். அப்படியும் வரவில்லை என்றால் சிம் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள்.

அழைப்பைத் தொடங்கியவர் வைத்துவிட்டால் பெரும்பாலும் எல்லோருக்கும் லைன் போய்விடும். எனவே சார்ஜ் அதிகமும் சிக்னல் நன்றாகவும் உள்ளவர் தொடங்குவது நல்லது. நீங்கள் போடும் ஒவ்வொரு அழைப்பும் உங்கள் கணக்கில்தான் சேரும். உள்நாட்டு அழைப்பு ரீசார்ஜ் திட்டத்துக்குள் அடங்கிவிடும். வெளிநாட்டு எண்ணை இப்படிச் சேர்த்தால் ஐ.எஸ்.டி. கட்டணம் ஏறும் என்பதை மறக்க வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் இணைப்பது

வாட்ஸ்அப்பில் குழு அழைப்பு 2018-ல் வந்தபோது நான்கு பேர்தான் பேச முடிந்தது. கொரோனா காலத்தில், 2020-ல், அது எட்டுப் பேராக உயர்ந்தது. இப்போது 32 பேர் வரை பேசலாம். எவ்வளவு பெரிய குடும்பத்துக்கும் இது தாராளம்.

‘கால்ஸ்’ பகுதிக்குப் போய், புதிய அழைப்புக்கான குறியைத் தொட்டு, வேண்டியவர்களின் பெயர்களைத் தேர்ந்தெடுங்கள். குரல் மட்டும் போதுமென்றால் ஃபோன் படத்தையும், முகம் பார்க்க வேண்டுமென்றால் கேமரா படத்தையும் தொடுங்கள். குடும்பக் குரூப் இருந்தால் அதன் மேல்பகுதியிலேயே அழைக்கும் குறி உண்டு. ஆனால் குரூப்பில் தொட்டால் உள்ளவர் எல்லோருக்கும் மணி அடிக்கக்கூடும். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குபவரை எழுப்ப வேண்டாம் என்றால் பெயர்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பதே சரி.

மணி அடித்தபோது எடுக்க முடியாதவர், அழைப்பு முடிவதற்குள் ‘கால்ஸ்’ பகுதிக்குப் போய் ‘ஜாயின்’ என்பதைத் தொட்டால் நடுவில் சேர்ந்துகொள்ளலாம். ‘கால் லிங்க்’ உருவாக்கி முன்கூட்டியே அனுப்பிவைக்கவும் வழி உண்டு. குறித்த நேரத்தில் அதைத் தொட்டு எல்லோரும் உள்ளே வரலாம். அந்த லிங்க்கை வீட்டாரைத் தவிர வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.

நெட் மெதுவாக இருந்தால் வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலில் பேசுங்கள். பேச்சு சீராகும், டேட்டாவும் குறையும். பேசாதவர்கள் மைக்கை மியூட் செய்தால் மிக்ஸி சத்தமும் பஸ் ஹாரனும் நடுவில் வராது.

வாட்ஸ்அப் அழைப்போடு சாதாரண ஃபோன் அழைப்பை மெர்ஜ் செய்ய முடியாது. பட்டன் ஃபோன் மட்டும் வைத்திருக்கும் நன்னாவை எப்படிச் சேர்ப்பது? அவருக்கு இன்னொரு ஃபோனிலிருந்து சாதாரண அழைப்பு போட்டு, இரண்டு ஃபோனையும் ஸ்பீக்கரில் அருகருகே வையுங்கள். கொஞ்சம் எதிரொலிக்கும். ஆனாலும் வேலை நடக்கும்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு

ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தியும் வாய்ஸ் மெசேஜும் அனுப்பலாம். ஆனால் அதில் அழைத்துப் பேசுவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகளையே நம் பிள்ளைகள் பயன்படுத்துகிறார்கள். நாட்டுக்கு நாடு விதி வேறு. அது அவ்வப்போது மாறவும் செய்கிறது. எது வேலை செய்கிறது என்று அங்கிருப்பவரிடமே கேட்டு, அந்தச் செயலியை இங்குள்ளவர்கள் ஏற்றிக்கொள்வதே முறை. தடையைத் தாண்ட விபிஎன் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அமீரகச் சட்டத்தில் அதன் தவறான பயன்பாட்டுக்கு மிகக் கடுமையான அபராதம் உண்டு. பிள்ளையின் வேலைக்கே ஆபத்து வரக்கூடாது.

நேரத்தையும் கணக்கிட வேண்டும். துபாயும் மஸ்கட்டும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சவூதி, குவைத், கத்தர், பஹ்ரைன் இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முன்னால். நாம் இரவு 9 மணிக்குக் கூப்பிட்டால் ரியாத்தில் மாலை 6.30, சிங்கப்பூரில் இரவு 11.30. இரு பக்கமும் ஆள் இருக்கும் வீட்டுக்கு மாலை 5.30 பொருத்தமானது: சவூதியில் 3 மணி, மலேசியாவில் 8 மணி. சவூதியில் வெள்ளி விடுமுறை. அமீரகத்திலோ 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறு விடுமுறையாகிவிட்டது. அந்தந்த ஊரின் தொழுகை நேரத்தையும் கேட்டுவிட்டு நேரம் குறியுங்கள்.

யார் லைனில் இருக்கிறார்கள் என்பது அமானிதம்

வாட்ஸ்அப்பில் யார் யார் பேச்சில் இருக்கிறார்கள் என்பது திரையில் தெரியும். சாதாரண மெர்ஜ் அழைப்பில் தெரியாது. இணைத்தவருக்கு மட்டுமே தெரியும். இதைச் சிலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். சம்பந்தி வீட்டாரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இன்னொருவரை ரகசியமாக இணைத்துக் கேட்க வைப்பது, மருமகளைப் பேச விட்டு அதை மகனுக்குக் கேட்க வைப்பது போன்ற செயல்களால் குடும்பங்கள் பிரிகின்றன. துருவித் துருவி உளவு பார்ப்பதைக் குர்ஆனின் 49-வது அத்தியாயமான அல்ஹுஜுராத் தடுக்கிறது. தொழில்நுட்பம் புதிது என்பதால் அந்தத் தடை தளர்ந்துவிடாது.

எனவே தொடங்கும்போதே, “லைனில் அத்தா, அம்மா, அண்ணன், தங்கச்சி, மச்சான் இருக்கிறோம்” என்று பெயர் சொல்லிவிடுங்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். எல்லோரும் சம்மதிக்காமல் பேச்சைப் பதிவு செய்யாதீர்கள்.

அடுத்தது, பெண் பிள்ளைகள். சொத்துப் பேச்சு என்றால் மகன்களை மட்டும் இணைத்துப் பேசிவிட்டு, மகளுக்குப் பிறகு தகவல் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இறந்தவரின் கடனும் வஸிய்யத்தும் போக மீதியுள்ளதில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. இது மார்க்கம் வகுத்த உரிமை, அண்ணன் தம்பிகள் பார்த்துக் கொடுக்கும் அன்பளிப்பு அல்ல. அந்த அழைப்பில் அவர்களும் முதல் நிமிடத்திலிருந்தே இருக்க வேண்டும். பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருக்கும் ஸ்பீக்கரில், “உனக்குப் பங்கு வேண்டுமா?” என்று கேட்டால் ஒரு சகோதரி கூச்சத்தில் “வேண்டாம்” என்றுதான் சொல்வார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது நியாயமா? யோசித்துப் பாருங்கள். பேசி முடித்ததை எழுத்தில் கொண்டு வாருங்கள். அசையாச் சொத்தில் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு அலுவலகத்தில் பதிவாக வேண்டிய ஆவணம். ஃபோனில் சொன்ன “சரி” போதாது.

வீட்டில் மவுத் நேர்ந்தால் சபரில் இருப்பவர் கடைசியாக முகம் பார்க்க வீடியோவில் வருவது இன்று வழக்கமாகிவிட்டது. வர முடியாத மகனுக்கு அது பெரிய ஆறுதல். வீட்டாரின் அனுமதியோடு ஒருவர் மட்டும் ஃபோனைப் பிடிக்கட்டும். குளிப்பாட்டும் இடத்துக்குக் கேமரா வேண்டாம். அந்தக் காட்சியைப் பதிந்து குரூப்புகளில் பரப்புவது மய்யித்தின் கண்ணியத்துக்கு இழுக்கு.

ஃபோனில் முடிக்கக் கூடாதவை

சம்பந்தம் பேசுவது, நாள் குறிப்பது எல்லாம் ஃபோனில் நடக்கலாம். நிக்காஹ் அப்படியல்ல. 1990 மார்ச்சில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நவீனச் சாதனங்கள் வழியே வியாபார ஒப்பந்தம் செய்வதை அனுமதித்தது. சாட்சிகள் அவசியம் என்பதால் நிக்காஹுக்கு அந்த அனுமதி பொருந்தாது என்றும் தீர்மானித்தது. மாப்பிள்ளை வர முடியாத நிலையில் வக்கீலை, அதாவது தம் சார்பில் ஒருவரை, நியமித்து மஜ்லிஸில் ஒப்புக்கொள்ள வைக்கும் வழி ஃபிக்ஹில் இருக்கிறது. முன்கூட்டியே இமாம் அவர்களையும் ஜமாஅத்தையும் கலந்து செய்யுங்கள்.

கோபத்தில் ஃபோனில் முத்தலாக் சொல்வது பற்றியும் ஒரு வார்த்தை. 2019-ன் சட்டப்படி வாயால் சொன்னாலும், எழுதினாலும், மின்னணு முறையில் அனுப்பினாலும் அது செல்லாது. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. கணவன் மனைவி பிரச்சினையில் இரு தரப்புப் பெரியவர்களையும் ஒரே அழைப்பில் கூட்டிச் சமாதானம் பேசுவதே இந்த வசதியால் கிடைக்கும் நன்மை.

‘மெர்ஜ் பண்ணுங்கள்’ என்று அந்நியர் சொன்னால்

இந்த மோசடியைப் பற்றி யூ.பி.ஐ.யை நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 2025 பிப்ரவரியில் எச்சரித்தது. அது நடக்கும் விதம் இதுதான்: தெரியாத ஒருவர் அழைத்து, “உங்கள் நண்பர்தான் நம்பர் கொடுத்தார், அவரே இப்போது வேறு நம்பரிலிருந்து கூப்பிடுகிறார், மெர்ஜ் பண்ணுங்கள்” என்பார். உண்மையில் அந்த இரண்டாவது அழைப்பு, பேங்கிலிருந்து ஓ.டி.பி.யைக் குரலில் சொல்லும் தானியங்கி அழைப்பு. நீங்கள் இணைத்த நொடியில் திருடன் ஓ.டி.பி.யைக் கேட்டுவிடுவான், கணக்கு காலியாகும்.

ஆகவே முன்பின் தெரியாதவர் சொல்லி எந்த அழைப்பையும் இணைக்காதீர்கள். நண்பர் பெயரைச் சொன்னால் வைத்துவிட்டு, உங்களிடம் உள்ள நண்பரின் நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். இதை வீட்டுப் பெரியவர்களுக்கும் பெண்களுக்கும் அவசியம் விளக்கிச் சொல்லுங்கள்.

இவற்றைப் படித்தும் செய்து பார்க்கத் தயக்கமாக இருந்தால் அஸர் தொழுகைக்குப் பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார வைத்துச் செய்து காட்டுகிறோம். சகோதரிகள், வீட்டில் படிக்கும் பிள்ளை ஒன்றை உடன் அழைத்து வந்தால் அந்தப் பிள்ளை மற்றவர்களுக்கும் கற்றுத் தரும். இந்த வாரமே ஒரு நாள், பிரச்சினை எதுவும் இல்லாதபோதே, குடும்பத்தார் அனைவரையும் இணைத்து நலம் விசாரித்துப் பாருங்கள். அப்படிப் பழகியிருந்தால் அவசர நேரத்தில் கை தடுமாறாது.

பிரிந்திருக்கும் உறவுகளை அல்லாஹ் அன்பால் இணைத்து வைப்பானாக, ஆமீன்.