மின்சாரமும் நீரும்: வீட்டுச் சிக்கனம்

நம் மலேசிய நாட்டில் கோடை, குளிர் என்னும் வேறுபாடு இல்லை. ஆண்டு முழுதும் வெப்பமே. ஆதலால் நம் வீட்டில் ஒரு நாள் நேரும் வீண்செலவு பன்னிரண்டு மாதமும் தொடர்கின்றது.

மின்சாரத்தை 'யூனிட்' என்னும் அளவால் கணக்கிடுகின்றனர். 1,000 வாட் ஆற்றலுள்ள கருவி 1 மணி நேரம் இயங்கினால் 1 யூனிட் செலவாகும். 60 வாட் குண்டு விளக்கு நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால், 30 நாளில் 9 யூனிட் ஆகும். ஏறத்தாழ அதே ஒளியைத் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்கிற்கு 1.35 யூனிட்டே போதும். 75 வாட் மின்விசிறி 8 மணி நேரம் சுழன்றாலும் 0.6 யூனிட்தான். 3,000 வாட் நீர்சூடேற்றியோ 20 நிமிடத்திலேயே 1 யூனிட்டை விழுங்கிவிடும். ஆகவே, வெப்பம் உண்டாக்கும் கருவிகளைப் பயன்படுத்துவதில் நாம் முதற்கண் விழிப்பாக இருத்தல் வேண்டும். துணிகளையும் நாள்தோறும் ஒவ்வொன்றாகத் தேய்க்காமல், வாரம் ஒருமுறை சேர்த்துத் தேய்த்தல் நன்று.

நீர்க்கசிவை அறியவும் எளிய வழியுண்டு. படுக்கச் செல்லுமுன் குழாய்கள் அனைத்தையும் மூடி, நீர்மானியின் எண்ணைக் குறித்துக்கொள்வோம். இரவில் எவரும் நீரைப் பயன்படுத்தாதிருந்தும் காலையில் எண் கூடியிருப்பின், எங்கோ நீர் ஒழுகுகின்றது என்பது தெளிவு.

மாணவமணிகளே! ஞாயிறுதோறும் மின்மானியின் எண்ணைக் குறித்து, சென்ற வார எண்ணை அதிலிருந்து கழித்துப் பெற்றோரிடம் காட்டுங்கள். பள்ளியில் கற்ற கழித்தல் கணக்கு இங்கே வீட்டிற்குப் பயன்படும். பெற்றோர் வெயிலிலும் மழையிலும் உழைத்து ஈட்டிய ஊதியத்தில் மிஞ்சும் ஒவ்வொரு வெள்ளியும் உங்கள் நூல்களுக்கும் காலணிக்கும் உதவுமன்றோ?