எழுதவும் பேசவும் ஒரு வகுப்பு

“கையெழுத்துத் திருந்தப் பள்ளிக்கூடம் உண்டு, கட்டுரை எழுதக் கல்லூரியிலுமா வகுப்பு?” என்று நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் வியப்போடு வினவினார். நம் அக்காள் மகள் இங்கே மும்பையில் ஒரு கல்லூரியில் முதலாண்டு பயில்கிறாள் என்பதும், அவளுக்கு வாரம் இருமுறை எழுத்தும் சொல்வன்மையும் பாடமாக உண்டு என்பதும் அவர் செவிக்கு எட்டியிருந்தன. அன்று நாம் சிரித்து மழுப்பிவிட்டோம். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையை இங்கே சொல்ல முயல்கிறோம். அதில் நம்முடைய பிழை ஒன்றும் அடங்கியிருக்கிறது.

நாம் பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தோம். கல்லூரி வாயிலை மிதித்ததில்லை. ஆயினும் எழுத்து நமக்குப் புதிதன்று. நாள்தோறும் கோப்புகளில் குறிப்பு எழுதுகிறோம். உடன் வேலை செய்வோருக்கு விடுப்பு விண்ணப்பமும் இடமாற்ற மனுவும் எழுதிக் கொடுக்கிறோம். “பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்” என்று தொடங்கிவிட்டால் பேனா தானே ஓடும். ஆகையால், இத்தகைய வகுப்பில் கற்க என்ன இருக்கிறது என்ற எண்ணம் நமக்கும் இருந்தது.

முதல் வாரம் ஆசிரியை, “மாறவேண்டிய ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வாருங்கள்” என்றாராம். நம் பெண் எடுத்துக்கொண்ட பொருள், சங்கம் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு. அவள் எழுத்துக் கூட்டிப் படித்ததே அந்த வகுப்பில்தான். பதிவேட்டில் 22 பிள்ளைகள் இருந்தும் வருவோர் 7 பேராகக் குறைந்தபடியால், வகுப்பை நிறுத்திவிடலாம் என்ற தீர்மானம் அப்போது நிர்வாகக் குழுவின் முன் இருந்தது. அதை முன்மொழிந்தவர் சங்கத்தின் பொருளாளர், அதாவது, நாமே.

தாய்மொழியின் தொன்மை, அதன் இனிமை, அதை மறந்தோரின் இழிவு என்று அவள் ஆங்கிலத்தில் அடுக்கடுக்காக எழுதிச் சென்றாள். அந்தத் தாள் மதிப்பெண் இல்லாமலே திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் இரண்டு கேள்விகள் மட்டும் இருந்தன: “இதை யார் படிக்க வேண்டும்? படித்தபின் அவர் என்ன செய்வார்?” அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. “உயர்வாகத்தானே எழுதினேன், மாமா?” என்று கேட்டாள். நாமும் அவ்வாறே எண்ணினோம்.

அடுத்த வாரங்களில் அவள் கேட்டு வந்து சொன்னவை நமக்குப் புதியவை. பழைய ஏதென்ஸ் நகரத்து நீதிமன்றங்களில் வழக்குடையவன் தன் வழக்கைத் தானே எடுத்துரைக்க வேண்டும் என்பது பொது வழக்கம். பேச்சு வராதவன் என்ன செய்வான்? அவனுக்குப் பேச்சை எழுதிக் கொடுப்போர் இருந்தார்கள். அவர்களுள் புகழ்பெற்றவர் லிசியாஸ். அவருடைய தந்தையார் சிரக்கூசிலிருந்து ஏதென்ஸில் வந்து குடியேறியவர். குடியுரிமை இல்லாத குடும்பம். கி.மு. 404இல் ஆட்சியைப் பிடித்த முப்பதின்மர் அக்குடும்பத்தின் சொத்தைப் பறித்து, லிசியாஸின் தமையனையும் கொன்றார்கள். பிழைத்த லிசியாஸ் பிறருக்குப் பேச்சு எழுதலானார். யாருக்காக எழுதினாரோ அவரே பேசுவதுபோல் எழுதுவதில் அவர் வல்லவராம். தபாலாபீஸ் வாயிலில் மனு எழுதிக் கொடுத்துக் குடும்பம் நடத்திய எத்தனையோ பேரை நாம் நினைத்துக்கொண்டோம். வந்தேறிய வீட்டுப் பிள்ளை ஊராரின் வாயாக ஆவது பழங்கதை போலும்!

அரிஸ்டாட்டில் இக்கலைக்கு மூன்று பகுதிகள் கொண்ட ஒரு நூல் செய்தார். கேட்பவனை இணங்கச் செய்வன மூன்று என்பது அவர் கொள்கை: சொல்பவனது குணத்தில் உண்டாகும் நம்பிக்கை, கேட்பவனது உள்ளத்தில் எழும் உணர்ச்சி, சொல்லும் பொருளில் அமைந்த நியாயம். நம் பெண்ணின் தாளில் இரண்டாவது மட்டுமே இருந்தது. அதுவும் எழுதியவளின் உணர்ச்சி, படிப்பவருடையதன்று.

ஆசிரியை மராத்தி அம்மையார். “உங்கள் உங்கள் மொழியில் இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள்?” என்று மாணவரைக் கேட்டிருக்கிறார். அவள் ஓடிவந்து நம்மிடம் கேட்டாள். திருக்குறளில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும், அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும், அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே இருப்பதைக் காட்டினோம். அவையை அறிந்த பின்பே அஞ்சாமை வைக்கப்பட்டிருக்கும் வரிசையை அவளே கண்டு சொன்னாள். பவணந்தி முனிவரின் நன்னூல் நூலுக்குச் சொல்லும் பத்துக் குற்றங்களையும் எடுத்துப் பார்த்தோம். கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், சென்று தேய்ந்து இறுதல் என்று ஒவ்வொன்றாகத் தன் தாளோடு வைத்து ஒத்துப் பார்த்துச் சிரித்துவிட்டாள். நம் சிரிப்பு அவ்வளவு எளிதாக வரவில்லை. நாம் எழுதிய மனுக்கள் பல கண்முன் வந்து நின்றன.

இரண்டாவது பயிற்சி கடினமானது. எதிர்த்தரப்பினர் படித்தால், “ஆம், நாம் சொல்வது இதுதான்” என்று ஒப்புக்கொள்ளும்படி அவர்களது வாதத்தை எழுதவேண்டும். அவள் நோட்டும் கையுமாக வந்து நம் எதிரே அமர்ந்தாள். மாமா என்ற முறையில் அல்லாமல் பொருளாளராக நம்மை விசாரித்தாள். கூடத்து வாடகை, ஆசிரியருக்குத் தரும் சன்மானம், சந்தா நிலுவை எல்லாம் சொன்னோம். அவள் எழுதிக் காட்டியதைப் படித்தபோது, நாம் குழுவில் சொன்னதைவிட நம் வாதம் அதிலே தெளிவாக இருந்தது. அதைப் படித்த பிறகு அவளோடு கோபித்துக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

மூன்றாவதாக, ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேய அறிஞர் 1958இல் வெளியிட்ட ஒரு நூலின் கருத்தைக் கற்றாள். ஒவ்வொரு வாதத்திலும் ஒரு முடிபு உண்டு. அதற்கு ஆதாரம் உண்டு. இரண்டையும் பிணைக்கும் ஒரு கருத்தும் உண்டு. அந்தப் பிணைப்பு பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. ரயில்வேக்காரருக்கு இது எளிதில் விளங்கும். வண்டியில் பெட்டிகள்தாம் கண்ணில் படும். இழுவையைத் தாங்குவது இடையிலுள்ள கப்ளிங். நம் வாதத்தில் “பிள்ளைகள் வரவில்லை” என்பது ஆதாரம். “வகுப்பை நிறுத்துக” என்பது முடிபு. “வராதவர்களுக்குத் தமிழில் விருப்பமில்லை” என்பதே சொல்லாத கப்ளிங். அவள் அதைத்தான் தட்டிப் பார்த்தாள்.

வராத பிள்ளைகளின் தாய்மாரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டாள். ஏழெட்டுப் பேர் ஒரே காரணத்தைச் சொன்னார்கள். வகுப்பு ஞாயிறு காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை. புறநகர் இருப்புப் பாதைகளைப் பழுதுபார்க்கும் “மெகா பிளாக்” நடப்பதும் ஞாயிறுகளில்தான்; மத்திய ரயில்வேயில் பெரும்பாலும் முற்பகல் பதினொரு மணியளவில் தொடங்கி மாலை நான்கு மணி வரை நீடிக்கும். சில வண்டிகள் ரத்தாகும். சில பாதை மாறிச் செல்லும். சில நிலையங்களில் நிற்கா. தொலைவிலிருந்து சிறு பிள்ளைகளைக் கூட்டிவரும் தாய்மார் திரும்பும் வேளையில் வெயிலில் பிளாட்பாரத்தில் தவித்திருக்கிறார்கள். விருப்பம் இல்லாமல் நின்றவர்கள் அல்லர்.

அந்த அறிவிப்புகள் வாரந்தோறும் நம் கண்முன்னேதான் வருகின்றன. ரயில்வே சம்பளம் வாங்கும் நமக்கு அது தோன்றவில்லை. பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத் தோன்றியது. அவள் நம்மைவிடக் கெட்டிக்காரி என்பதனால் அன்று. கேட்கவேண்டும் என்று அவளுக்குக் கற்பித்திருந்தார்கள் என்பதனாலேயே.

வகுப்பில் ஐந்து நிமிடம் பேசும் நாள் வந்தது. முழங்கால் நடுங்கியதாம், நடுவில் ஒருமுறை சொல் மறந்து நின்றாளாம். பிறகு அதே பொருளைத் தமிழில் அரைப்பக்கக் கடிதமாக்கி நிர்வாகக் குழுவுக்கு அனுப்பினாள். அதில் உயிர், தேன், அமுது எதுவும் இல்லை. செலவுக் கணக்கை ஒப்புக்கொண்டாள். தாய்மாரின் விடைகளைச் சொன்னாள். வகுப்பைச் சனி மாலைக்கு மாற்றி ஆறு மாதம் நடத்திப் பார்க்கும்படியும், அப்பொழுதும் பத்துப் பேருக்குக் குறைந்தால் நிறுத்திவிடும்படியும் வேண்டினாள். கூட்டத்தில் அதைப் படித்தவர் செயலாளர். நாம் எழுந்து நம் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

இதனை வெற்றி என்று முரசறைய வேண்டியதில்லை. இப்பொழுது 13 பிள்ளைகள் வருகிறார்கள். வேறு வகுப்புகளில் சேர்ந்துவிட்ட சிலர் திரும்பவில்லை. நாம் சில மாதங்களுக்கு முன்பே விசாரித்திருந்தால் அவர்களும் இருந்திருப்பார்கள். ஆறு மாதத் தவணையும் இன்னும் முடியவில்லை. நம் பெண்ணுக்குக் கல்லூரியில் கிடைத்தது இரண்டாம் தரம்; முடிவுரை நீண்டுவிட்டது என்று ஆசிரியை குறித்திருந்தார்.

பெரியவருக்கு நம் விடை இதுதான்: ஐயா, கையெழுத்தைத் திருத்துவதற்கு அன்று அந்த வகுப்பு, எழுதுமுன் பிறர் இடத்தில் ஒரு கணம் நின்று பார்ப்பதற்கு. கல்லூரிக்குப் போகாத நாமும் வீட்டிலேயே அதைப் பழகலாம். சென்ற வாரம் உடன் வேலை செய்யும் ஒருவருக்கு இடமாற்ற மனு எழுத உட்கார்ந்தோம். பேனாவை எடுக்குமுன், “இதைப் படிக்கும் அதிகாரி யார்? அவருக்கு என்ன இடைஞ்சல்?” என்று கேட்டோம். மனு ஒரு பக்கத்தில் முடிந்தது.

தமிழ் வகுப்பு இனிச் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு. பிள்ளைகளை அனுப்புங்கள். அனுப்ப இயலாவிட்டால், காரணத்தையாவது நமக்குச் சொல்லியனுப்புங்கள். இம்முறை கேட்டுக்கொள்வோம்.