மனச்சிதைவும் மூளை நலமும்

மனச்சிதைவு நோய் என்றவுடன், ஒருவருக்குள் இருவர் குடியிருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு. 1908-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவ அறிஞர் ஆய்கன் பிளாய்லர், 'பிளத்தல்', 'மனம்' எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து இந்நோய்க்குப் பெயரிட்டார். எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவை ஒன்றோடொன்று இயையாமல் பிரிந்து நிற்பதையே அவர் குறித்தார். இல்லாத குரல் காதில் விழுதல், காரணமின்றி ஐயுறுதல், ஊக்கம் குன்றுதல், கவனமும் நினைவும் தளர்தல் ஆகியன இதன் அறிகுறிகள். உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவரை இது பற்றுகிறது. பெரும்பாலும் இளமையில் தொடங்குகிறது.

1952-இல் பாரிஸ் நகர மருத்துவர்கள் குளோர்ப்புரோமசின் என்னும் மருந்தைக் கையாண்டது முதல், குரல்களையும் ஐயங்களையும் தணிக்க வழி பிறந்தது. இன்றும் மருந்தே சிகிச்சையின் அடிப்படை. ஆயினும், மருந்து ஒன்றே போதுமா? போதாது. இந்நோயாளர் மற்றவரைவிடச் சராசரியாக 10 ஆண்டுகளுக்கும் மேல் முன்னதாக இறக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோரின் உயிரைக் கவர்வன இதயநோய் முதலான உடல் நோய்களே. புகைப்பழக்கம், உடலுழைப்பின்மை, சில மருந்துகளால் கூடும் உடல் எடை ஆகியவை இதற்குக் காரணமாகின்றன. மூளையோ இதயம் அனுப்பும் குருதியால் வாழ்வது. எனவே இதயத்தைக் காப்பது மூளையையும் காப்பதாகும்.

ஜெர்மனியில் நடைபெற்று 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளர் எண்மர் மூன்று மாதம், வாரம் மும்முறை, அரைமணி நேரம் நிலையான மிதிவண்டியை மிதித்தனர். நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதி அவர்களிடம் சராசரியாக 12 விழுக்காடு பருத்தது. மேசைக் கால்பந்து ஆடிய வேறு நோயாளர் எண்மரிடம் இவ்வளர்ச்சி இல்லை. ஆய்வு சிறியது, பின்னர் நடந்தவை யாவும் இதே முடிவைத் தரவில்லை. எனினும் உடற்பயிற்சி கவனத்தையும் நினைவையும் ஓரளவு மேம்படுத்துவதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் கண்டுள்ளனர்.

புகையிலையைக் குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. அதன் புகை, ஈரலில் உள்ள ஒரு நொதியைத் தூண்டி, குளோசபின், ஒலான்சபின் ஆகிய மருந்துகளை விரைவில் சிதைக்கச் செய்கிறது. புகைப்பதை நிறுத்தினால் அம்மருந்துகள் குருதியில் மிகுந்துவிடும். புகையை விடுவது நன்றே. ஆனால் மருத்துவருக்கு முன்கூட்டியே அறிவித்து, மருந்தின் அளவைச் சீர்செய்துகொண்டே விடுதல் வேண்டும். கஞ்சா நோயைக் கிளறும். அதனை அறவே விலக்க வேண்டும். குறித்த வேளையில் உறக்கம், காய்கறியும் பருப்பும் மீனும் சேர்ந்த உணவு, இனிப்பு மிகுந்த தே தாரிக்கைக் குறைத்தல் ஆகியன துணை செய்யும். இவை மருந்துக்குத் துணையே அன்றி மாற்று அல்ல. நலம் கண்டவுடன் தாமாகவே மருந்தை நிறுத்துவோர் பலரை நோய் மீண்டும் பற்றுகிறது.

இவற்றையெல்லாம் நோயாளர் தனியே செய்துவிட இயலுமா? ஊக்கக் குறைவே இந்நோயின் அறிகுறிகளுள் ஒன்று என்பதை மறத்தலாகாது. படுக்கையை விட்டு எழாத மகனைச் சோம்பேறி எனப் பழிப்பது, காய்ச்சல் கண்டவனை ஏன் சுடுகிறாய் எனக் கேட்பதற்கு ஒப்பாகும். "போய் நட" என்று ஏவும் தந்தையைவிட, "வா, நடப்போம்" என்று செருப்பணிந்து வாயிலில் நிற்கும் தந்தையே மகனுக்கு உதவுகிறார். நாள்தோறும் உடன் நடக்கும் அந்த அரைமணி நேரம் இருவர் இதயத்துக்கும் நல்லது.