கியூபாவின் முகம் எது?

கியூபா என்றதும் நம் மனக்கண்முன் எழுவது பெரும்பாலும் ஒரே படந்தான்: நட்சத்திரம் பதித்த தொப்பியுடன் தொலைவை நோக்கும் சே குவேராவின் முகம். ஹவானாத் துறைமுகத்தில் லா கூப்ர் என்னும் கப்பல் வெடித்து மாண்டவர்களுக்கு, 1960-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் தேதி நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் ஆல்பர்ட்டோ கோர்டா எடுத்த படம் அது. புரட்சியின் சின்னமாய் உலகெங்கும் பரவிய அப்படம், நாளடைவில் சட்டையிலும் கோப்பையிலும் ஏறி விலைச்சரக்குமாயிற்று. மதுபான விளம்பரமொன்றில் அது பயன்பட்டபோது கோர்டா 2000-இல் வழக்காடினார். கிடைத்த பணத்தைத் தம் நாட்டு வைத்திய உதவிக்கே அளித்தார். அவரது செய்கை போற்றத்தக்கது. ஆயினும், ஒரு தேசத்துக்கு ஒரே முகம் போதுமா என்பதே நமது கேள்வி.

போதாதென்று பின்வந்த கலைஞர்கள் விடை கூறியிருக்கின்றனர். ஹவானாவில் 1957-இல் பிறந்த ரெனே பேன்யா தமது கரிய உடலையே படம்பிடித்து, நிறபேதம் ஒழிந்துவிட்டதென்னும் உத்தியோகப் பேச்சைச் சோதிக்கிறார். கார்லோஸ் கராய்கோவா, இடிந்த கட்டடங்களின் படத்தின்மீது, மறைந்துபோன சுவர்களை நூலால் கோடிட்டு எழுப்புகிறார்.

வெளியேறியோரும் தாய்நாட்டை மறந்தாரில்லை. ஆபெலார்டோ மொரெல் 1962-இல் பெற்றோருடன் ஹவானாவை விட்டு அகன்றவர். அறையை இருளாக்கிச் சிறு துளை வழியே வெளிக்காட்சியைச் சுவரில் தலைகீழாய் விழச்செய்து படமெடுப்பது அவர் முறை. 2002-இல் அவர் ஹவானாவுக்குத் திரும்பிவந்து, சுவர் சிதைந்த ஓர் அறைக்குள் அந்நகரையே விழச்செய்தார். மத்தான்சாஸில் பிறந்து அமெரிக்காவில் வாழும் மரியா மக்தலேனா காம்போஸ்-போன்ஸ், கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாய்க் கொணரப்பட்ட தம் ஆப்பிரிக்க முன்னோரின் நினைவைப் பெரிய படங்களில் நிறுத்தியுள்ளார்.

வெளியேறியவர் துரோகி என்று ஹவானாவில் ஒரு கட்சி. தங்கியவர் அடிமை என்று மியாமியில் மற்றொரு கட்சி. இப்படங்களை அருகருகே வைத்துப் பார்ப்போருக்கு இரண்டும் பொய்யென்பது புலனாகும். கடலின் இரு கரையிலும் தேடப்படுவது ஒரே வீடு.

1962 முதல் ஒரு வல்லரசின் வணிகத்தடையைத் தாங்கிவரும் சிறு நாட்டிடம் நமக்குப் பரிவு உண்டு. அப்பரிவாலேயே இதைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். 2018-இல் அந்நாட்டுச் சர்க்கார் பிறப்பித்த 349-ஆம் ஆணை, முன்னனுமதியின்றிப் பொதுமக்கள்முன் கலையைக் காட்டுவதைத் தண்டனைக்குரியதாக்கிற்று. அந்நியனுக்கு அஞ்சாத நாடு தன் மக்களின் காமிராவுக்கு அஞ்சலாமா? தலைவரின் முகத்தைச் சுவரில் மாட்டுவது எளிது. தன் முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பதற்கே துணிவு வேண்டும். அத்துணிவு கியூபக் கலைஞரிடம் இருக்கிறது. ஆள்வோரிடமும் அது தோன்றுக.