ஓணம் அன்னைக்கு அத்தான் டீம் தோத்துப்போச்சு!

2024 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. திருவோணம். அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது களியக்காவிளைப் பக்கம். மதியம் அங்கேதான் எனக்குச் சாப்பாடு. பருப்பு, அவியல், எரிசேரி, பப்படம், அடைப்பிரதமன் என்று இலை நிறைய வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் நாகர்கோவிலுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. காரணம், இரவு 7.30-க்கு ஐ.எஸ்.எல் மேட்ச். கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸும் பஞ்சாப் எஃப்.சி-யும் மோதுகிற, அந்த சீசனில் பிளாஸ்டர்ஸின் முதல் ஆட்டம்.

அத்தான் பிளாஸ்டர்ஸ் ரசிகர். ஆறாவது படிக்கும் மருமகன் அதைவிடத் தீவிரம். மஞ்சள் ஜெர்ஸியைப் போட்டுக்கொண்டுதான் ஓணச் சாப்பாட்டுக்கே உட்கார்ந்தான். நான் சென்னையின் எஃப்.சி. முந்தின நாள்தான் எங்கள் அணி புவனேஸ்வரில் போய் ஒடிசாவை 3-2 என்று ஜெயித்திருந்தது. ஃபாரூக் சௌத்ரி இரண்டு கோல். அந்தத் தெம்பில் சோபாவின் ஓரத்தில், நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

85 நிமிடம் வரை ஒன்றுமே நடக்கவில்லை. 86-வது நிமிடத்தில் பஞ்சாப்புக்குப் பெனால்டி. லூகா மைசென் அடித்தார், கோல். அத்தான் எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்தார். இன்ஜுரி டைமில் பிளாஸ்டர்ஸின் ஹிமெனெஸ் தலையால் முட்டிச் சமன் செய்ததும் வீடே அதிர்ந்தது. மருமகன் என் மடிமேல் ஏறிக் குதித்தான். மூன்றே நிமிடம். பஞ்சாப்பின் மிர்ஸ்ல்யாக் இன்னொரு கோலைப் போட்டார். 2-1. ஆட்டம் முடிந்தது.

அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. சிரித்துவிட்டேன்.

“லேய், மத்தியானம் குடிச்ச பிரதமன் இன்னும் வயித்துல இருந்து இறங்கல. அதுக்குள்ள சிரிக்கியே!” என்றாள் அக்கா. அத்தான் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். “சிரி மாப்ள, சிரி. சீசன் இப்பதானே தொடங்கிருக்கு” என்றார்.

மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. ஜெர்ஸியைக் கழற்றிக் கட்டில் மேல் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

எதிரி டீம் தோற்றால் ஏன் இவ்வளவு இனிப்பு?

கால்பந்து பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். சொந்த அணி ஜெயித்தால் வருவது சந்தோஷம். எதிரணி தோற்றால் வருவது வேறு ஒன்று. அதுவும் சீசனின் முதல் ஆட்டத்திலேயே தோற்றால், அதன் ருசியே தனி.

கணக்குப் பார்த்தால் அது பெரிய விஷயமே இல்லை. அந்த சீசனில் 13 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் 24 ஆட்டங்கள். முதல் தோல்வி என்பது 24-ல் ஒன்று, அவ்வளவுதான். ஆனால், முதல் வாரத்தில் புள்ளிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். நம் அணி மேலே, அவர்கள் அணி கீழே என்று பளிச்சென்று இருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட இதைவிட நல்ல நேரம் வராது. நம் அணியும் எப்படியும் சறுக்கத்தான் போகிறது. அதற்குள் சிரித்துக்கொள்ள வேண்டும் என்கிற அவசரம்தான் அது.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தச் சிரிப்புக்கு இன்னொரு விசேஷம் உண்டு. மற்ற ஊர்களில் எதிரணி ரசிகர் எங்கோ தூரத்தில் இருப்பார். இங்கே ஒரே வீட்டில், ஒரே பந்தியில் இருப்பார்.

கொச்சி பக்கம், சென்னை தூரம்!

அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. எல்லைக்கோடு மாறியது, கொள்வினை கொடுப்பினை மாறவில்லை. ஓணமும் மாறவில்லை.

தூரத்தையும் பாருங்கள். நாகர்கோவிலில் இருந்து சென்னை சுமார் 700 கிலோமீட்டர். கொச்சி அதில் பாதிகூட இல்லை. மேற்குக் கடற்கரையில் இருக்கும் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன் பிடிப்பவர்கள். அவர்களின் விசைப்படகுகளில் பல, கரை சேர்வது கொச்சித் துறைமுகத்தில்தான். மீனை இறக்கி, ஐஸ் ஏற்றி, டீசல் அடிக்கிற ஊரின் அணியை ஒருவர் தன் அணியாக நினைத்தால் அதில் என்ன ஆச்சர்யம்? தமிழ்நாட்டு அணி என்பதால் சென்னையினைப் பிடித்துக்கொண்டவர்களும் அதே தெருவில் இருக்கிறார்கள். கேரள ரசிகர்கள் ‘மஞ்சப்படை’ என்றால், சென்னைக்கு ‘சூப்பர் மச்சான்ஸ்’, ‘பி ஸ்டாண்ட் ப்ளூஸ்’.

இரண்டு பக்கமும் கையில் வைத்திருக்கும் ஆயுதம் ஒன்றுதான்: வரலாறு. சென்னையின் 2015-லும் 2018-லும் கோப்பையைத் தூக்கியது. பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 என மூன்று முறை இறுதி ஆட்டம் வரை போய் மூன்றிலும் தோற்றது. “கப்பு எங்க அத்தான்?” என்று கேட்டால் போதும், அத்தான் பேச்சை மாற்றிவிடுவார். “உங்க ஸ்டேடியத்துல எத்தன பேரு மக்கா வாறான்?” என்பது அவருடைய பதில். மஞ்சள் கூட்டத்தைப் பார்த்தவர்கள் அதற்கு வாய் திறக்க முடியாது.

ஐ.எஸ்.எல் வருவதற்கு முன்பே இந்தப் பழக்கம் இங்கே உண்டு. அப்போது மஞ்சள் என்றால் பிரேசில், நீலம் என்றால் அர்ஜென்டினா. 2022 நவம்பர் 22 மதியம், தொடர்ந்து 36 ஆட்டங்களில் தோற்காமல் வந்த அர்ஜென்டினாவை உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே சவுதி அரேபியா 2-1 என்று சாய்த்தது. பிரேசில் ரசிகர்களுக்கு அன்று தீபாவளி. பதினேழு நாள் கழித்துக் குரோஷியாவிடம் பெனால்டியில் தோற்று பிரேசில் வெளியேறியது. டிசம்பர் 18-ம் தேதி கோப்பை மெஸ்ஸியின் கையில். முதல் ஆட்டத் தோல்வியைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் அன்று போனை எடுக்கவே இல்லை.

சிரிக்க முடியாமல் போன ஒரு தோல்வி

பிளாஸ்டர்ஸ் முதல் ஆட்டத்தில் தோற்றும் நான் சிரிக்காத ஒரு நாள் இருக்கிறது. 2020 நவம்பர் 20. கொரோனா காலம். கோவாவில் ஆளில்லாத மைதானத்தில் சீசனின் தொடக்க ஆட்டம். பிளாஸ்டர்ஸை எதிர்த்து ஆடியது ஏ.டி.கே மோகன் பகான். அந்த அணியில் எங்கள் மாவட்டத்துப் பையன் மைக்கேல் சூசைராஜ்.

இரவிபுத்தன்துறைக்காரர். கடற்கரை மணலில் பந்து உதைத்து வளர்ந்து சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா என்று மேலே போனவர். அண்ணன் மைக்கேல் ரெஜினும் தொழில்முறை ஆட்டக்காரர். சூசைராஜ் பந்தோடு இடது ஓரத்தில் ஓடுவதைப் பார்ப்பதற்காகவே இங்கே பலர் டிவி போடுவார்கள். அந்த ஆண்டு மார்ச்சில்தான் அவருடைய ஏ.டி.கே, என்னுடைய சென்னையினை இறுதி ஆட்டத்தில் 3-1 என்று வென்றிருந்தது. தோற்றது என் அணி. ஆனாலும், ‘கப்பு நம்ம ஊருக்குத்தானே வந்திருக்கு’ என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

நவம்பர் ஆட்டத்தில் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சூசைராஜ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். வெளியே கொண்டுபோனார்கள். அந்த சீசன் முழுக்க அவரால் திரும்ப முடியவில்லை. இரண்டாவது பாதியில் ராய் கிருஷ்ணா கோல் போட, பிளாஸ்டர்ஸ் 1-0 என்று தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் அத்தானிடமிருந்து போன். கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. அவரும் தோல்வியைப் பற்றிப் பேசவில்லை. “பையனுக்கு முட்டுல நல்ல அடின்னு தோணுகு மாப்ள” என்றார். அவ்வளவுதான் பேசினோம். எதிரணி தோற்றது எனக்கும் மறந்துவிட்டது. தன் அணி தோற்றது அவருக்கும் மறந்துவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கோலைப் பார்த்துச் சிரிக்கலாம், ஸ்கோரைப் பார்த்துச் சிரிக்கலாம். விழுந்து கிடக்கும் ஆளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. திருவோணத்தன்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மருமகனும் அந்தக் கணக்கில் வந்துவிட்டான். மறுநாள் காலையில் அவனிடம் “சாரி மக்ளே” என்றேன். “பாத்துக்கிடலாம் மாமா” என்றான். அதுவும் சிரிக்காமல் சொன்னான்.

வட்டியோடு திரும்பி வந்தது!

அவன் பதினொரு நாள்தான் காத்திருந்தான். செப்டம்பர் 26, சென்னையில் எங்கள் சொந்த மைதானம். எதிரே, அந்த சீசனில்தான் ஐ.எஸ்.எல்-லுக்குள் வந்த முகமதன் ஸ்போர்டிங். 1-0 என்று தோற்றோம். இத்தனைக்கும் அந்த அணிதான் சீசன் முடிவில் கடைசி இடத்தில் நின்றது. அக்காவின் போனில் இருந்து எனக்கு 25 சிரிப்பு எமோஜி வந்தது. அக்கா அனுப்பவில்லை என்று சொல்லவே வேண்டாம்.

நவம்பர் 24, கொச்சியில் நேருக்கு நேர். பிளாஸ்டர்ஸ் 3, சென்னையின் 0. இந்த முறை அத்தான் வீடியோ காலிலேயே வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று விரலைக் காட்டிவிட்டு வைத்துவிட்டார். 2025 ஜனவரி 30, சென்னையில். எங்கள் இடத்தில் வைத்தே 3-1. அன்று நான் போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு எட்டரை மணிக்கே படுத்துவிட்டேன்.

கடைசியில் என்ன நடந்தது? பிளாஸ்டர்ஸ் இடையிலேயே பயிற்சியாளரை அனுப்பிவிட்டு எட்டாவது இடத்தில் முடித்தது. சென்னையின் பதினொன்றாவது. பிளே-ஆஃபுக்கு இரண்டு பேரும் போகவில்லை. “நம்ம ரெண்டு பேருக்கும் வெப்ராளந்தான் மிச்சம் மாப்ள” என்று அத்தான் சொன்னபோது, அந்த சீசனிலேயே முதல்முறையாக இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

இலை இருந்தது… மேட்ச் இல்லை

அடுத்த ஓணம், 2025 செப்டம்பர் 5. அதே வீடு, அதே பந்தி. ஆனால், டிவியில் ஐ.எஸ்.எல் இல்லை. போட்டியை நடத்தும் உரிமை ஒப்பந்தம் முடியப்போகிறது, புதுப்பிக்கப்படவில்லை என்ற சிக்கலில், அந்த ஜூலையிலேயே சீசனை நிறுத்தி வைத்துவிட்டார்கள். செப்டம்பரில் தொடங்கவேண்டியது தொடங்கவில்லை.

இரவு ஏழரை ஆனது. மருமகன் பழக்க தோஷத்தில் ரிமோட்டை எடுத்தான். இரண்டு மூன்று சேனல் மாற்றினான். பிறகு வைத்துவிட்டான். மஞ்சள் ஜெர்ஸி அவனுக்கு இறுக்கமாகியிருந்தது.

“மாமா, உங்க டீமு இந்த வருஷம் ஆடுமா?” என்றான்.

அவன் டீமைப் பற்றிக் கேட்கவில்லை. என் டீமைப் பற்றித்தான் கேட்டான். ஒரு வருஷத்துக்கு முன்னால் இதே அறையில் நான் சிரித்ததும், இவன் சுவரைப் பார்த்துத் திரும்பியதும் ஞாபகம் வந்தது. எதிரணி தோற்க வேண்டும் என்று எவ்வளவோ வேண்டியிருக்கிறோம். தோற்பதற்கும் முதலில் எதிரணி களத்தில் இறங்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

“ஆடும் மக்ளே. ஆடினா முதல் மேட்சுலயே தோக்கும். நீ சிரிக்கலாம்” என்றேன்.

“சத்தியமா?” என்றான்.

அக்கா உள்ளே இருந்து இன்னொரு டம்ளர் பிரதமன் கொண்டுவந்து வைத்தாள்.